கடைசி ஆள் வந்தாச்சா?

ஹவுரா ரயில் நிலையத்தில் சென்னை ரயில் வந்து நிற்கிறது. மூட்டையும் பையுமாக மக்கள் இறங்குகிறார்கள். பக்கத்தில் உள்ளூர் ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஒவ்வொரு ரயிலில் இருந்தும் ஏராளமான பேர் இறங்குகிறார்கள். கூடைக்காரர்கள் இறங்குகிறார்கள். அலுவலகம் போகிறவர்கள் இறங்குகிறார்கள். கூலி வேலைக்கு வந்தவர்கள் இறங்குகிறார்கள். எல்லாரும் ஆற்றுப் பக்கமாகப் போகிறார்கள். ஆற்றைத் தாண்டினால் கொல்கத்தா.

முன்பு நாம் கல்கத்தா என்று சொன்னோம். 2001-ஆம் ஆண்டு அதன் பெயர் கொல்கத்தா என்று மாறியது. ஆற்றின் பெயர் ஹூக்ளி. அது கங்கையின் கிளை. அதன் மேல் ஹவுரா பாலம் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டு திறந்த பாலம் அது. ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல் நிற்கிறது. 1965-இல் கவிஞர் தாகூரின் நினைவாக அதற்கு ரவீந்திர சேது என்று பெயர் வைத்தார்கள். மக்கள் இன்னும் ஹவுரா பாலம் என்றுதான் சொல்கிறார்கள். தினமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் மேல் நடந்து போகிறார்கள். நம் ஊரில் தேர் அன்றைக்குச் சேரும் கூட்டம் அங்கே எல்லா நாளும் சேருகிறது.

இத்தனை பேர் நடக்கிற ஊரில் சாலையை எப்படிக் கடப்பது? தனியாகக் கடப்பது நல்லதா? கூட்டமாகக் கடப்பது நல்லதா? கூட்டமாகத்தான் என்று உடனே சொல்லத் தோன்றும். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியும் நமக்குத் தெரிய வேண்டும்.

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கிருந்து 9 பேர் காசிக்குப் புறப்படுகிறார்கள். வழியில் கொல்கத்தாவில் இறங்கி, காளிகாட் காளி கோயிலைப் பார்க்க நினைக்கிறார்கள். கொத்தனார் ஒருவர்தான் கூட்டத்துக்குத் தலைவர். அவருடைய மனைவி வருகிறார். 8 வயது மகள், 4 வயது மகன் வருகிறார்கள். கொத்தனாரின் அம்மா, பெரியம்மா, மாமா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா. மொத்தம் 9 பேர். பெரியம்மாவுக்கு 68 வயது. முழங்காலில் வலி. அவர் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் தண்ணீர் குடிக்க ஒரு எவர்சில்வர் டம்ளர்.

லேக் மார்க்கெட் என்ற இடத்தில் தங்கினார்கள். தெற்குக் கொல்கத்தாவில் உள்ள இடம் அது. பல காலத்துக்கு முன்பே அலுவலக வேலைக்காகப் போன தமிழர்கள் அந்தப் பக்கத்தில் குடியேறினார்கள். அதனால் அங்கே தோசை கிடைக்கும். மல்லிகைப் பூ கிடைக்கும். காப்பித்தூள் அரைத்து வாங்கலாம். தமிழ் காதில் விழும்.

காலை 9 மணி. ராஷ்பிகாரி அவென்யூ வழியாக மேற்கே நடந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய சாலை வந்தது. அது வடக்கு தெற்காகப் போகிறது. ஷ்யாமா பிரசாத் முகர்ஜி சாலை என்று பெயர். அதைக் கடந்தால்தான் காளி கோயில்.

சாலை சந்திக்கும் முனையில் சிக்னல் விளக்கு இருந்தது. ஆனால் அவர்கள் அதுவரை போகவில்லை. முன்னாலேயே ஒரு இடத்தில் நின்றார்கள். பஸ், டாக்சி, மோட்டார் சைக்கிள் என்று வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. பிறகு ஒரு இடைவெளி தெரிந்தது.

"வாங்க வாங்க, போயிடலாம்" என்றார் கொத்தனார். இறங்கி நடந்தார். மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மனைவி நடந்தார். மாமாவும் அத்தையும் பேசிக்கொண்டே போனார்கள். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா போனார். பக்கத்து வீட்டு அக்கா போனார். கடைசியில் பெரியம்மா.

கொத்தனார் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். திரும்பி எண்ணினார். 8 பேர்தான் இருந்தார்கள். பெரியம்மா நடுச்சாலையில் நின்றார்.

மினி பஸ் ஒன்று வேகமாக வந்தது. பெரியம்மா ஒரு அடி முன்னால் வைத்தார். பிறகு பின்னால் வைத்தார். முன்னால் போவதா, திரும்பிப் போவதா என்று தெரியவில்லை. கையில் இருந்த பை விழுந்தது. டம்ளர் உருண்டு ஓடியது. பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பிடிக்கத் திரும்பி ஓடினார். பஸ் கிரீச்சென்று நின்றது. பெரியம்மாவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு முழம்தான் இருந்தது.

வெள்ளைச் சட்டை போட்ட போலீஸ்காரர் ஒருவர் முனையில் இருந்து ஓடி வந்தார். கொல்கத்தாவில் போக்குவரத்துப் போலீசாருக்கு வெள்ளை உடைதான். அவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினார். இரண்டு பெண்களையும் கரை சேர்த்தார். வங்காள மொழியில் என்னவோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் திட்டுகிறார் என்பது மட்டும் புரிந்தது.

"கொஞ்சம் வேகமா வரக் கூடாதா பெரியம்மா?" என்றார் கொத்தனார். அவருக்குக் கை நடுங்கியது.

"நீ பாட்டுக்குப் போயிட்டே தம்பி. நான் உன் முதுகைத்தானே பார்த்துக்கிட்டு வந்தேன்" என்றார் பெரியம்மா.

முதுகைப் பார்த்து நடப்பது

பெரியம்மா சொன்னதை விட்டுவிடக் கூடாது. அன்றைக்கு 9 பேர் சாலையில் இறங்கினார்கள். அவர்களில் வண்டி வருகிறதா என்று பார்த்தவர் எத்தனை பேர்? ஒருவர்தான். கொத்தனார் பார்த்தார். மற்றவர்கள் கொத்தனாரைப் பார்த்தார்கள். அவர் பார்த்துவிட்டார், நாம் பார்க்க வேண்டாம் என்று நினைத்தார்கள். இல்லை, அப்படிக்கூட நினைக்கவில்லை. கால் தானாகப் போனது.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் வரும் பழக்கம் அல்ல. கிராமத்துக்காரர்களுக்கு மட்டும் வருவதும் அல்ல. இங்கிலாந்தில் லீட்ஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே சாலையைக் கடப்பவர்களை ஆராய்ச்சியாளர்கள் கவனித்துப் பார்த்தார்கள். 2010-ஆம் ஆண்டு அந்த முடிவு வெளிவந்தது. பக்கத்தில் நிற்பவர் இறங்கிவிட்டால் நாமும் இறங்குவதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை கூடுகிறது என்று கண்டார்கள். இறங்கிய சிலர் பயந்து திரும்பவும் ஓரத்துக்கு வந்தார்கள்.

அதற்கும் முன்பே அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. டெக்சாஸ் மாநிலம், ஆஸ்டின் நகரம். 1955-இல் வெளிவந்த ஆராய்ச்சி. ஒரு ஆளைச் சிக்னல் விதியை மீறிச் சாலையைக் கடக்கச் சொன்னார்கள். ஒரு தடவை அவருக்குக் கோட்டும் டையும் போட்டுவிட்டார்கள். இன்னொரு தடவை சாதாரண உடை. கோட்டுப் போட்டு அவர் தப்பாகக் கடந்தபோது அவர் பின்னால் அதிகம் பேர் போனார்கள். சட்டையைப் பார்த்து நம்பினார்கள். மோதுகிற பஸ்ஸுக்குக் கோட்டும் தெரியாது, கைலியும் தெரியாது.

கூட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. இஸ்ரேல் நாட்டில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது யார் கடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக நின்றவர்கள்தான் அதிகம் கடந்தார்கள். ஓரத்தில் பலர் சேர்ந்து காத்து நின்றபோது மீறியவர்கள் குறைவு. நாலு பேர் நிற்கும்போது நாம் மட்டும் எப்படிப் போவது என்ற கூச்சம் அது. அதாவது, நிற்கிற கூட்டம் நம்மை நிறுத்துகிறது. நடக்கிற கூட்டம் நம்மை இழுக்கிறது. முதலில் கால் எடுத்து வைப்பவர் கையில் மற்றவர்களின் உயிர் இருக்கிறது. அது அவருக்கே தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நீங்கள் கூட்டல் கற்றுக்கொண்டீர்கள். வகுத்தலும் கற்றுக்கொண்டீர்கள். இங்கே அவை உதவும்.

நடுவில் திட்டு இல்லாத ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். அதில் 4 வண்டிகள் பக்கம் பக்கமாகப் போகலாம். ஒரு வண்டிக்கு மூன்றரை மீட்டர் இடம் வேண்டும். அப்படியானால் சாலையின் அகலம் 14 மீட்டர்.

கொத்தனார் போன்ற ஆள் ஒரு விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார். 14 மீட்டரைக் கடக்க அவருக்கு ஏறத்தாழ 12 விநாடி போதும். முழங்கால் வலி உள்ள பெரியம்மா ஒரு விநாடிக்கு 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு 18 விநாடி வேண்டும். வித்தியாசம் 6 விநாடி. இது பெரிய விஷயமாகத் தெரியாது.

ஆனால் அவர்கள் வரிசையாக அல்லவா போனார்கள்? ஒருவர் பின் ஒருவராக 9 பேர். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் 1 விநாடி என்று வைத்துக்கொள்வோம். கொத்தனார் இறங்கி 8 விநாடி கழித்துத்தான் பெரியம்மா இறங்குவார். பிறகு கடக்க 18 விநாடி. 8-உம் 18-உம் 26. கொத்தனார் இறங்கிய நேரத்தில் இருந்து 26 விநாடி கழித்துத்தான் பெரியம்மா அந்தப் பக்கம் போய்ச் சேருவார்.

கொத்தனார் தனக்கு வேண்டிய 12 விநாடி இடைவெளியைப் பார்த்து இறங்கினார். பெரியம்மாவுக்கு வேண்டியது 26 விநாடி. மீதி 14 விநாடிக்கு யார் பொறுப்பு?

அந்த 14 விநாடியில் பஸ் என்ன செய்யும்? மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ் ஒரு விநாடிக்கு 10 மீட்டர் ஓடும். 14 விநாடியில் 140 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தூரத்தில் இருந்த பஸ்ஸைக் கொத்தனார் பார்த்திருக்கலாம். பார்த்தாலும், தூரத்தில்தான் வருகிறது என்று விட்டிருப்பார். அவருக்கு அது தூரம்தான். பெரியம்மாவுக்கு அது தூரம் இல்லை.

ஓட்டுநர் ஆளைப் பார்த்ததும் பஸ் உடனே நிற்காது. பார்த்து, பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி போகும். அதற்குள் 10 மீட்டர் வந்துவிடும். மிதித்த பிறகும் வண்டி தேய்ந்து நிற்க ஏறக்குறைய அதே அளவு தூரம் ஆகும். மழை பெய்த சாலையில் இன்னும் கூடும்.

இதே 9 பேர் மூன்று மூன்று பேராக நெருங்கி நின்று ஒரே நேரத்தில் இறங்கியிருந்தால்? கடைசி வரிசை 2 விநாடி தாமதமாக இறங்கும். 2-உம் 18-உம் 20 விநாடி. 6 விநாடி மிச்சம். பஸ் கணக்கில் அது 60 மீட்டர்.

ஆகவே இடைவெளியைப் பார்ப்பவர் தன் காலை நினைத்துப் பார்க்கக் கூடாது. கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரின் காலை நினைத்துப் பார்க்க வேண்டும். சிக்னல் உள்ள இடத்திலும் இதே கணக்குத்தான். பச்சை விளக்கு பாதி எரிந்து முடிந்த பிறகு கூட்டம் இறங்கினால் முன்னால் போகிறவர் தப்பிப்பார். கடைசி ஆள் மாட்டிக்கொள்வார். அடுத்த பச்சைக்குக் காத்திருப்பதால் கோயில் ஓடிப்போய்விடாது.

கூட்டத்தால் என்ன நன்மை?

இவ்வளவும் படித்த பிறகு, தனியாகப் போவதே மேல் என்று தோன்றலாம். அதுவும் சரியில்லை.

ஒரு ஆள் சாலை ஓரத்தில் நின்றால் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் நிறுத்த மாட்டார். 10 பேர் சேர்ந்து இறங்கினால் தூரத்திலேயே தெரியும். வேகத்தைக் குறைப்பார். அமெரிக்காவில் 2003-இல் வெளிவந்த ஒரு ஆராய்ச்சி பல ஊர்களின், பல நாடுகளின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தது. நடப்பவர்கள் இரண்டு மடங்கு ஆனால் விபத்தும் இரண்டு மடங்கு ஆவதில்லை. ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மனிதர்கள் நிறைய நடக்கிற இடத்தில் ஓட்டுநர்களும் பார்த்து ஓட்டுகிறார்கள்.

கொல்கத்தாவில் இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் துர்கா பூஜைக்குப் போக வேண்டும். புரட்டாசி, ஐப்பசியில் வரும் திருவிழா. 2021-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு அதை உலகத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தெருவுக்குத் தெரு பந்தல் போடுவார்கள். இரவு முழுவதும் குடும்பம் குடும்பமாக நடந்து பந்தல்களைப் பார்ப்பார்கள். அப்போது சாலை முனைகளில் போலீசாரும் தொண்டர்களும் நீளமான கயிற்றைப் பிடித்து நிற்பார்கள். கயிற்றுக்குப் பின்னால் கூட்டம் சேரும். வண்டிகள் போகும். பிறகு வண்டிகளை நிறுத்துவார்கள். கயிற்றை இறக்குவார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாகக் கடப்பார்கள். திரும்பவும் கயிறு ஏறும். வயல் வரப்பை வெட்டித் தண்ணீர் விட்டு, பிறகு அடைப்பது போலத்தான்.

அந்தக் கயிறு என்ன செய்கிறது? ஒரே ஆளை முதலில் ஓட விடாமல் பிடிக்கிறது. எல்லாரையும் ஒன்றாக இறக்குகிறது. கடைசி ஆள் போன பிறகுதான் வண்டிகளை விடுகிறார்கள். கும்பகோணத்துக் குடும்பத்திடம் அன்று காலையில் இல்லாதது அந்தக் கயிறுதான்.

பேச்சும் கையும்

குடும்பமாகப் போகிறவர்கள் பேசாமல் போக மாட்டார்கள். பேச வேண்டும் என்றால் முகம் தெரிய வேண்டும். அதனால் பக்கம் பக்கமாக நடப்பார்கள். பிரான்சு நாட்டில் துலூஸ் என்ற நகரத்தில் இதைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். இடம் இருந்தால் மூன்று பேர் ஒரே வரிசையில் நடக்கிறார்கள். கூட்டம் கூடினால் நடுவில் உள்ளவர் கொஞ்சம் பின்னால் வருகிறார். ஓரத்தில் இருக்கும் இருவர் முன்னால் போகிறார்கள். பேச்சுக்காகவே அப்படி வளைகிறார்கள். சேர்ந்து போகிறவர்கள் அதிகமாக அதிகமாக வேகமும் குறைகிறது. தெருவில் இது நல்ல விஷயம்தான். பேசிக்கொண்டு நடப்பது எவ்வளவு சுகம்! ஆனால் சாலையில் இறங்கும் அந்த 20 விநாடிக்கு மட்டும் பேச்சு வேண்டாம். அன்று மாமாவும் அத்தையும் பேசிக்கொண்டே கடந்தார்கள். பின்னால் வந்தவர்களையும் அவர்கள்தான் மெதுவாக்கினார்கள். பெரியம்மாவைத் திட்டும்போது இதை யாரும் நினைக்கவில்லை.

கையைப் பிடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. குழந்தையின் விரலைப் பிடித்தால் அது இழுத்துக்கொண்டு ஓடிவிடும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வயதானவருக்கு அது பிடிக்காது. அவர் நம் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொள்ளட்டும். 5 பேர், 6 பேர் கை கோத்துச் சங்கிலி போலப் போவது ஆபத்து. ஒருவர் முன்னால் இழுப்பார். இன்னொருவர் பின்னால் இழுப்பார். யாரும் நகர முடியாது. இரண்டு இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டால் போதும்.

நம் நாட்டில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. அதனால் சாலையில் இறங்கியதும் வண்டி நம் வலது கைப் பக்கம் இருந்து வரும். பாதி தாண்டிய பிறகு இடது கைப் பக்கம் இருந்து வரும். பலமுள்ள ஆள் முதல் பாதியில் வலது பக்கம் நடக்கலாம். நடுவில் திட்டு இருந்தால் அங்கே எல்லாரும் ஏறி நின்று, இடது பக்கம் மாறிக்கொள்ளலாம்.

இன்னொரு ஆபத்து நின்ற பஸ். ஒரு பஸ் நமக்காக நிற்கும். அதை நம்பிக் கூட்டம் போகும். அந்த பஸ்ஸை ஒட்டி, அதன் மறைவில் இன்னொரு வண்டி முந்திக்கொண்டு வரும். கொல்கத்தாவில் தனியார் பஸ்கள் ஆள் பிடிக்கப் போட்டி போட்டு ஓடும். டிக்கெட் வசூலில் பங்குதான் ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும் கூலி என்ற ஏற்பாடு அங்கே பழையது. அதனால்தான் அந்தப் போட்டி. நின்ற வண்டியின் முனையில் ஒரு கணம் நின்று எட்டிப் பார்க்க வேண்டும். முதல் ஆள் பார்த்தது போதாது. அவர் பார்த்தபோது அந்த வண்டி அங்கே இருந்திருக்காது.

தப்பு நடப்பவர் மேல் மட்டுமா?

கோயிலுக்குப் போய் வந்த பிறகு, லேக் மார்க்கெட்டில் ஒரு காப்பித்தூள் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தமிழர். 40 வருடமாக அங்கே இருப்பவர். காலையில் நடந்ததைக் கொத்தனார் சொன்னார்.

"பிளாட்பாரத்துல நடந்து, முனைக்குப் போய், அங்கே கடந்திருக்கலாமே தம்பி" என்றார் கடைக்காரர்.

"பிளாட்பாரம் எங்கே ஐயா இருக்கு? பூராவும் கடை" என்றார் மாமா.

கடைக்காரர் சிரித்தார். "அதுவும் நிஜந்தான்" என்றார்.

கொல்கத்தாவில் நடைபாதைக் கடைகள் மிக அதிகம். 1996-ஆம் ஆண்டு அரசும் மாநகராட்சியும் சேர்ந்து அவற்றை அகற்றின. ஆபரேஷன் சன்ஷைன் என்று அதற்குப் பெயர். கடைகள் திரும்ப வந்தன. கடைக்காரர்களுக்கும் வயிறு இருக்கிறது. நடப்பவர்களுக்கும் கால் இருக்கிறது. இதில் யாரையும் சுலபமாகக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நடைபாதை இல்லாதபோது நடப்பவர்கள் சாலையில் இறங்குகிறார்கள் என்பது உண்மை.

சாலையும் குறைவு. நகரத்தின் பரப்பை 100 பங்காக வைத்தால் கொல்கத்தாவில் சாலைக்கு 6 அல்லது 7 பங்குதான் என்று கணக்குச் சொல்கிறார்கள். டில்லியில் 20 பங்குக்கு மேல். அந்த 6, 7 பங்கில்தான் பஸ், லாரி, டாக்சி, கை ரிக்ஷா, மனிதர்கள் எல்லாரும் போக வேண்டும். அங்கே சாலை விபத்தில் இறப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் நடந்து போனவர்கள். பல ஆண்டுகளின் போலீஸ் கணக்கு இதைத்தான் காட்டுகிறது. கார் வைத்திருப்பவர்கள் அல்ல, கால் வைத்திருப்பவர்கள்.

சட்டம் நடப்பவர் பக்கம் இருக்கிறது. சாலையில் வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு போட்ட இடத்தில், சிக்னல் இல்லாவிட்டாலும், நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. வண்டி நிற்க வேண்டும். நடைமுறையில் பல வண்டிகள் நிற்பதில்லை. அதற்காக அந்த உரிமை இல்லாமல் போகாது.

கூட்டம் மிக அதிகமான சில இடங்களில் அரசு வேறு வழி செய்திருக்கிறது. தட்சிணேஸ்வரம் காளி கோயிலுக்கு 2018-இல் நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு மேம்பாலம் கட்டினார்கள். காளிகாட் கோயிலுக்கும் 2025-இல் அப்படி ஒரு பாலம் திறந்தார்கள்.

"இன்னொண்ணு கேட்டுக்குங்க" என்றார் கடைக்காரர். "இந்த ஊர்ல நிறைய ஒரு வழிச் சாலை உண்டு. சிலதுல காலையில வண்டி ஒரு பக்கமாப் போகும். மத்தியானத்துக்கு மேல அதே சாலையில எதிர்ப்பக்கமாப் போகும். காலையில வலது பக்கம் பார்த்துக் கடந்தோம்னு சாயங்காலமும் அதையே பண்ணாதீங்க. ரெண்டு பக்கமும் பாருங்க. வெளியூர்க்காரங்க கூட்டமா வந்து இதுலதான் ஏமாந்துபோறாங்க. ஒருத்தர் தப்பான பக்கம் பார்த்தா அத்தனை பேரும் அதே பக்கம் பார்ப்பாங்க."

"இங்கே பஸ்ஸுல கண்டக்டர் 'ஆஸ்தே, ஆஸ்தே'ன்னு கத்துறாரே, அது என்ன ஐயா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா.

"ஆஸ்தேன்னா மெதுவா. பொம்பளைங்க, குழந்தைங்க இறங்கும்போது டிரைவருக்குச் சொல்றாரு. ஆஸ்தே லேடீஸ்னு."

"நல்ல வார்த்தையா இருக்கே" என்றார் பெரியம்மா.

வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்றும் கடைக்காரர் சொல்லி அனுப்பினார்.

மாலையில் அவர்கள் ஹவுராவுக்குக் கிளம்பினார்கள். பஸ் பிடிக்க அதே பெரிய சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை முனைவரைக்கும் நடந்தார்கள். விளக்கு சிவப்பாக இருந்தது. நின்றார்கள். பச்சை வந்தது. ஆனால் அவர்கள் முன்னால் நின்ற கூட்டம் போய்க்கொண்டிருந்தது. இவர்கள் ஓரத்துக்கு வந்தபோது பாதி நேரம் போய்விட்டது. கொத்தனார் ஒரு கால் வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

"அடுத்ததுல போவோம்" என்றார்.

திரும்பவும் சிவப்பு. திரும்பவும் பச்சை. எல்லாரும் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். பெரியம்மாவும் அக்காவும் முன்னால் இறங்கினார்கள். மற்றவர்கள் அவர்களை ஒட்டி நடந்தார்கள். மாமா வாயைத் திறக்கவில்லை. கொத்தனார் கடைசியில் வந்தார். சிறுமி சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். நடுவில் கொஞ்சம் வேகம் கூடியது.

"ஆஸ்தே, ஆஸ்தே" என்றார் பெரியம்மா. எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வேகம் குறைந்தது.

சிறுமி 21 என்று சொன்னபோது பெரியம்மா ஓரத்தில் ஏறினார். திரும்பிப் பார்த்தார்.

"கடைசி ஆள் வந்தாச்சா?"

"வந்தாச்சு பெரியம்மா" என்றார் கொத்தனார்.

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் பள்ளிக்கூடம், சந்தை, பஸ் நிறுத்தம் இவற்றில் எதற்கு முன்னால் பெரிய சாலை இருக்கிறது? அதன் பெயரை எழுதுங்கள். வண்டி இல்லாத நேரத்தில் அதன் அகலத்தை அடியால் எண்ணுங்கள். அதே அளவைக் கோயில் திடலிலோ பள்ளி மைதானத்திலோ சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் மிக மெதுவாக நடப்பவர் யார்? அவரை அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் நடக்கச் சொல்லுங்கள். எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். சாலையில் சிக்னல் இருந்தால் பச்சை விளக்கு எத்தனை விநாடி எரிகிறது என்பதையும் எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், இந்த இரண்டு எண்களையும் போட்டுப் போக்குவரத்துப் போலீசுக்கு ஒரு மனு எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.